மகளிர் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா? – நடுவர் தீர்ப்புரை



கொட்டச்சேட்டிலே பட்டிமன்றம்னு சொன்னதும் எங்க வீட்டம்மா குரங்குக் குல்லாய் ஒண்ணு குடுத்து அனுப்புனாங்க. நடுவர் நாற்காலியிலே அதைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி இருக்காது, காபிக் கொட்டை திருட வந்தவர் மாதிரி இருக்கும். கழற்றிப் பைக்குள்ளே வச்சிட்டேன். (சிரிப்பு)

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பெரிதும் துணை நிற்பது மகளிர் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா? ஆறு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தாங்க. மகளிர் கல்லூரி அணித் தலைவி என்ன சொன்னாங்க? "பெண் பிள்ளை கூச்சமில்லாமல் எழுந்து கேள்வி கேட்கிற இடம் அதுதான்" என்றார்கள். எதிரணித் தலைவர் விடுவாரா? "நாளைக்கு வேலைக்குப் போற இடம் மகளிர் அலுவலகமா? ஏறப்போற பஸ் மகளிர் பஸ்ஸா? கட்டிக்கப் போறது மகளிரையா?" என்றார். (சிரிப்பு, கைதட்டல்) கைதட்டிட்டீங்க. நல்ல கேள்விதான். ஆனா இதே கேள்வியை ஆண்கள் கல்லூரியிலே படிச்ச பையன்கிட்டே யாராவது கேட்டிருக்கோமா? மூணு வருஷம் பெண் வாடையே இல்லாமல் படிச்சவன், பெண் பார்க்கப் போன இடத்திலே பஜ்ஜியைப் பார்த்தே பேசிட்டு வர்றான். "வெளி உலகம் தெரியாம வளர்ந்துட்டானே" என்று அவனைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கவலை எல்லாம் பெண் பிள்ளைக்கு மட்டும் எடுத்து வச்சிருக்கோம்.

அதனாலே, தீர்ப்புக்கு முன்னாடி இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மகளிர் கல்லூரி எதற்காகத் தோன்றியது? பெண்களைப் பூட்டி வைக்கத் தோன்றியது என்று ஒரு பேச்சாளர் சொன்னார். வரலாறு அப்படி இல்லை ஐயா. பெண்களை உள்ளே விடாத கதவுகள் இருந்ததனாலே தோன்றியது. கல்கத்தாவிலே பெத்யூன் கல்லூரி 1879. நம்ம பாளையங்கோட்டையிலே சாரா டக்கர் கல்லூரி 1895. சென்னைக் கடற்கரையிலே ராணி மேரி கல்லூரி 1914. ஆரம்பத்திலே அதற்குப் பெயர் சென்னை மகளிர் கல்லூரி. முதல்வராக வந்தவர் டோரதி டி லா ஹே என்கிற அம்மையார். அடுத்த வருஷமே, 1915-லே, மகளிர் கிறித்துவக் கல்லூரி. பிறகு 1948-லே மதுரையிலே லேடி டோக் கல்லூரி, சென்னையிலே எத்திராஜ் கல்லூரி. நம்ம சேலத்திலே ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி 1961. இப்படி வரிசையாக வந்தது.

இந்தக் கல்லூரிகளெல்லாம் பெருகுவதற்கு முந்திய காலத்திலே ஒரு பெண் படிக்க நினைத்தால் என்ன ஆகும்? புதுக்கோட்டையைப் பாருங்கள். முத்துலட்சுமி என்று ஒரு பெண், 1886-லே பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அங்கே மகாராஜா கல்லூரியிலே இடம் கேட்கிறார். அது பையன்கள் படிக்கிற கல்லூரி. எதிர்ப்பு கிளம்பியது. என்ன எதிர்ப்பு தெரியுமா? இந்தப் பெண் கெட்டுப்போவாள் என்று இல்லை. இவள் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று! (சிரிப்பு) ஒரு பெண் பிள்ளை உள்ளே வந்தாலே கெட்டுப்போகிற பையனை எதற்குப் படிக்க வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியிலே புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் படித்தார். 1912-லே சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் வாங்கினார். 1927-லே சென்னைச் சட்டமன்றத்திற்குள்ளே முதல் பெண் உறுப்பினராகப் போனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியாலே எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

அதே 1886-லே பிறந்த இன்னொருவர் சகோதரி சுப்புலட்சுமி. சின்னஞ்சிறு வயதிலே கல்யாணம் பண்ணி, சின்னஞ்சிறு வயதிலேயே விதவையானவர். அவர் தந்தை, மகளை மூலையிலே உட்காரச் சொல்லவில்லை, படிக்க அனுப்பினார். 1911-லே சென்னை மாநிலக் கல்லூரியிலே பட்டம் பெற்றார். தனக்குக் கதவு திறந்ததோடு திருப்திப்பட்டாரா? அடுத்த வருஷமே, தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்காகச் சாரதா இல்லம் தொடங்கினார். பின்னாலே அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸிலே நடந்தது. அங்கிருந்து ராணி மேரி கல்லூரி நடந்து போகிற தூரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு பேரும் ஆண்களோடு சேர்ந்து படித்தவர்கள். எதிரணித் தலைவர் சந்தோஷப்படுவார். பொறுங்கள் ஐயா! மன்னர் தலையிட்டார், அந்தத் தந்தை துணிந்தார், ஆளுக்கு ஒரு கதவு திறந்தது. எல்லார் வீட்டுப் பெண்ணுக்கும் மன்னர் வருவாரா? எல்லாத் தந்தையும் ஊரை எதிர்ப்பாரா? ஒருத்திக்கு மட்டும் திறந்த கதவை நூறு பேருக்குத் திறந்து வைத்தது மகளிர் கல்லூரி. (கைதட்டல்)

சரி, அந்த அணிக்கு மட்டும் பேசினால் நடுவர் விலைபோய்விட்டார் என்பீர்கள். இந்தப் பக்கம் வருகிறேன்.

மகளிர் கல்லூரியிலே இல்லாத பாடத்தை ஒரு பெண் படிக்க ஆசைப்பட்டால்? 1940-லே சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியிலே லலிதா என்று ஒருவர் சேர்ந்தார். பதினெட்டு வயதிலேயே கணவனை இழந்தவர், கையிலே பெண் குழந்தை. அவர் தந்தை அதே கல்லூரியிலே மின் பொறியியல் பேராசிரியர். கல்லூரி முழுவதும் ஆண்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களிலே ஒருவராக வெளியே வந்தார். அவருக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழிலே "அவன்" என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, "அவள்" என்று கையாலே திருத்திக் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி இந்தப் பட்டம் வாங்க வருவாள் என்று அச்சடித்தவர்கள் நினைக்கவே இல்லை. அன்றைக்கு அந்தத் தந்தை, "மகளிர் பொறியியல் கல்லூரி வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால்? அந்தச் சான்றிதழிலே "அவள்" ஏறியிருக்காது.

இன்னொருத்தர் ஜானகி அம்மாள். தலைச்சேரியிலே பிறந்தவர். ராணி மேரி கல்லூரியிலே படித்தார், அது மகளிர் கல்லூரி. பிறகு மாநிலக் கல்லூரியிலே தாவரவியல் படித்தார், அது ஆண்களும் படிக்கிற கல்லூரி. மகளிர் கிறித்துவக் கல்லூரியிலே ஆசிரியராக இருந்தார். அமெரிக்கா போய் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே 1931-லே டாக்டர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே வேலை செய்தார். இவரை எந்த அணியிலே சேர்ப்பீர்கள்? இரண்டு அணியும் கையைப் பிடித்து இழுக்கலாம். அவருக்கு எந்த வயதிலே எது தேவையோ அங்கே போய்ப் படித்தார்.

வெளிநாட்டையும் ஒரு பேச்சாளர் இழுத்தார். இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த, 1869-லே தொடங்கிய கிர்ட்டன் பெண்களுக்கான கல்லூரி. அங்கே படித்த பெண்களுக்குப் பல்கலைக்கழகம் முழுப் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 1948-லே! நாம் சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் கழித்து. ஏறத்தாழ எண்பது வருஷம் பாடம் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. சமையல் பண்ணலாம், பரிமாறலாம், பந்தியிலே உட்காரக்கூடாது என்கிற மாதிரி. அதே கிர்ட்டன் 1979-லே ஆண் மாணவர்களைச் சேர்த்தது. அமெரிக்காவிலே வாசர் கல்லூரி 1969-லே ஆண்களுக்கும் கதவைத் திறந்தது. வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியாகவே நின்றது. ஆக, உலகத்திலேயும் ஒரே விடை கிடையாது.

இனி நான் வகுப்பறையிலே கண்டதைச் சொல்கிறேன். இரண்டு வகைக் கல்லூரியிலும் பாடம் எடுத்திருக்கிறேன். இருபாலர் வகுப்பிலே ஒரு கேள்வி கேட்டால், பையன் விடை தெரியாமலேயே எழுந்திருப்பான். பெண் விடை தெரிந்தும் பக்கத்துப் பெண் முகத்தைப் பார்ப்பாள். வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். பையன் பர்னரைப் பற்றவைப்பான், அமிலத்தை ஊற்றுவான். பெண்ணைக் கேட்டால், "நீ எழுத்து அழகா எழுதுவே, ரெக்கார்டு நோட்டை எழுது" என்பான். பாராட்டுற மாதிரியே ஓரங்கட்டுறது! (சிரிப்பு) மகளிர் கல்லூரியிலே பர்னரை யார் பற்றவைப்பது? இவள்தான். கல்லூரி விழாவுக்குப் பந்தல்காரரிடம் பேரம் பேசுவது யார்? இவள்தான். மாணவர் தலைவர், விளையாட்டுத் தலைவர், ஒலிபெருக்கி தூக்குகிறவர் எல்லாம் பெண்ணே. வேறு ஆள் இல்லாததனாலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறாள். இது சாதாரண லாபம் இல்லை.

ஆனால், மகளிர் கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு, சன்னலைத் திறந்தால் அபராதம், சிரித்தால் விசாரணை, நூலகம் நாலு மணிக்குப் பூட்டு என்று நடத்துகிற இடங்களும் உண்டு. அங்கே மூன்று வருஷம் படித்த பெண்ணுக்குப் பட்டம் கிடைக்கும், துணிச்சல் கிடைக்காது.

"மகளிர் கல்லூரி பாதுகாப்பு" என்று மூன்று பேர் சொன்னார்கள். பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெண்ணைப் பெற்ற வயிறு அது. ஆனால் 1998-லே சென்னையிலே என்ன நடந்தது? மகளிர் கல்லூரியில் படித்த ஒரு மாணவி, கல்லூரிக்கு வெளியே, பட்டப்பகலிலே, ஆட்டோவில் வந்த சிலர் செய்த அட்டூழியத்தாலே கீழே விழுந்து அடிபட்டு உயிரையே விட்டார். தமிழ்நாடே கொதித்தது. பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கிற சட்டம் அந்த வருஷமே வந்தது. சுவர் கல்லூரிக்கு உள்ளேதான் காவல் நிற்கும். தெருவுக்குச் சட்டம்தான் காவல், நம் வீட்டுப் பையன்களை நாம் வளர்க்கிற வளர்ப்புத்தான் காவல். (கைதட்டல்)

"மகளிர் கல்லூரியிலே படித்தால் கோழையாவாள்" என்று அந்த அணித் தம்பி சொன்னார். 2003-ஆம் வருஷம் ராணி மேரி கல்லூரி இருந்த இடத்திலே தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவு செய்தது. மாணவிகள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டே பெட்டி கட்டினார்களா? கல்லூரியை விட்டு நகர மாட்டோம் என்று வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி அதே கடற்கரையிலே நிற்கிறது. கோழைகள் செய்கிற காரியமா தம்பி அது?

இப்போது நம்ம மலைக்கு வருவோம். ஆறு பேச்சாளர்களும் சென்னை, மதுரை, லண்டன் எல்லாம் போனார்கள். கொட்டச்சேட்டுக்கு யாரும் வரவில்லை.

இந்த ஊரிலே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் என்ன செய்ய வேண்டும்? சேலத்துக்கு இறங்க வேண்டும். ஏற்காடு போய் இருபது கொண்டை ஊசி வளைவிலே இறங்கலாம். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். மழைக் காலத்திலே பனிமூட்டம், மண் சரிவு. தினமும் போய் வருவது என்றால் விடியுமுன்னே கிளம்பி, இருட்டின பிறகு தோட்டத்துப் பாதையிலே தனியே நடந்து வரவேண்டும். அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்திலேயோ மிளகுக் கொடியிலேயோ வேலைக்குப் போயிருப்பார்கள். அழைத்து வர யார் இருக்கிறார்கள்? அதனாலே இங்கே, "மகளிரா, இருபாலரா" என்கிற கேள்விக்கு முன்னாடி, "காலேஜா, கல்யாணமா" என்கிற கேள்வி நிற்கிறது. இங்கே ஒரு தகப்பனார் பட்டிமன்றம் தொடங்குமுன்னே என்னிடம் வந்து, "ஏனுங்க ஐயா, பொம்பளைப் புள்ளைங்க மட்டும் படிக்கிற காலேஜுன்னா அனுப்பலாமுங்க, மத்ததுன்னா எங்க சனம் ஒத்துக்காதுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்திலே ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்குகிறது ஐயா. அந்தக் கல்லூரி இல்லையென்றால் அவள் இருபாலர் கல்லூரிக்குப் போகப் போவதில்லை. வீட்டுக்குத்தான் போவாள்.

நல்லவேளை, சேலத்தில் நீங்கள் ஏற்காட்டுச் சாலையிலே இறங்கினாலே கோரிமேட்டிலே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. சாரதா கல்லூரி இருக்கிறது. இருபாலரும் படிக்கிற பழைய அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. 1997-லே வந்த பெரியார் பல்கலைக்கழகம் ஓமலூர்ச் சாலையிலே இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியிலே விண்ணப்பம் போடும்போது ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் கேட்கலாம். ஆகவே முடிவை ஒரே கல்லூரியிலே கட்டிப்போட வேண்டியதில்லை. அரசுப் பள்ளியிலே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-லே தொடங்கியது. மகளிர் கல்லூரிக்குத்தான் தருவோம் என்று அதிலே நிபந்தனை கிடையாது. பழங்குடி மாணவிகளுக்கு அரசு விடுதியும் உதவித்தொகையும் உண்டு. பள்ளித் தலைமையாசிரியரிடம் சாதிச் சான்றிதழைப் பற்றி இப்போதே பேசுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்திலே தாலுகா அலுவலகத்துக்கு அலையாதீர்கள். (சிரிப்பு)

கல்யாணப் புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். நூலைப் பார்க்கிறோம், சரிகையைச் சுரண்டிப் பார்க்கிறோம், வெளிச்சத்திலே கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறோம். மூன்று வருஷம் படிக்கப்போகிற கல்லூரியை மட்டும் மாமா போனிலே சொன்னார் என்று முடிவு பண்ணலாமா? பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் நேரே போங்கள். நாலே கேள்வி கேளுங்கள். பிள்ளை ஆசைப்படுகிற பாடம் இங்கே இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா? நூலகமும் ஆய்வுக்கூடமும் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? விடுதி எங்கே, விடுதியிலிருந்து கல்லூரிக்கு வழி எப்படி? நாலாவது, உள் புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார்? இந்தக் குழு எல்லா உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்கவேண்டும் என்பது விதி. மகளிர் கல்லூரியானாலும் கேளுங்கள், இருபாலர் கல்லூரியானாலும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கல்லூரி நல்ல கல்லூரி. அங்கே படிக்கிற இரண்டு மாணவிகளிடமும் பேசிவிட்டு வாருங்கள். வாசலில் வைத்த பலகையை விட அவர்கள் பேச்சு உண்மையாக இருக்கும்.

இனி தீர்ப்பு. ரொம்ப நேரமாக் குளிருகிறது, உங்களுக்கும் எனக்கும்.

பிள்ளை படிக்க விரும்புகிற பாடம் முதல் இடம். அது இருபாலர் கல்லூரியிலே மட்டும் இருந்தால், லலிதாவின் தந்தையை நினைத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். சனம் ஒத்துக்கொள்ளாது என்றால், அந்தச் சனத்திலே ஒருத்தராவது முதலிலே ஒத்துக்கொள்ள வேண்டும். அது நீங்களாக இருங்கள். இரண்டாவது, பிள்ளையின் விருப்பம். தங்குகிற இடமும் போகிற வழியும் மூன்றாவது. இந்த மூன்றும் இரண்டு கல்லூரியிலும் சமமாக இருந்தால், முதல் தலைமுறையாகப் படிக்கப் போகிற மலைவீட்டுப் பெண்ணுக்கு மகளிர் கல்லூரியே பெரிதும் துணை நிற்கும் என்று தீர்ப்பளிக்கிறேன். (கைதட்டல்) காரணத்தைக் கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள். பையன்களைப் பார்த்துப் பயந்து அல்ல. வகுப்பிலே முதல் பெஞ்சும், மேடையிலே ஒலிபெருக்கியும், ஆய்வுக்கூடத்திலே பர்னரும் முதல் நாளிலிருந்தே அவள் கைக்கு வரும் என்பதனாலே. அங்கே மூன்று வருஷம் பழகியவள், மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரி வாசலிலும் ஏறி நிற்பாள், ஜானகி அம்மாள் நின்ற மாதிரி.

கல்லூரி விண்ணப்பத்திலே விருப்ப வரிசை என்று ஒரு பகுதி இருக்கும். அதை அப்பா நிரப்ப வேண்டாம், அண்ணன் நிரப்ப வேண்டாம், செல்போன் கடைத் தம்பி அவர் இஷ்டத்துக்கு நிரப்ப வேண்டாம். பக்கத்திலே உட்கார்ந்து விவரம் சொல்லுங்கள், பஸ் நேரம் சொல்லுங்கள், செலவுக் கணக்குச் சொல்லுங்கள். நிரப்புவது அவளாக இருக்கட்டும்.